பட்டத்துக்குப் பிறகு மருத்துவம்: முன்தேவைப் பாடங்களும் தீவகப் பிள்ளைகளும்



யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவில், இறுப்பிட்டியில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வி. கலைப்பட்டமோ வணிகப்பட்டமோ முடித்த ஒருவர் இருபத்தைந்து வயதில் வைத்தியராக வேண்டும் என்று முடிவெடுத்தால் அவருக்கு வழி உண்டா? மருத்துவபீடம் கேட்கும் இரசாயனம், உயிரியல், பௌதிகம் ஆகிய அடிப்படைப் பாடங்களை அந்த வயதில் படித்து, அதன் பிறகு மருத்துவம் படிக்கலாமா?

ரொறன்ரோவில் இருக்கும் புங்குடுதீவுப் பிள்ளையிடம் கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று பார்க்கும். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவத்துக்கே விண்ணப்பிக்கிறார்கள். வரலாறு படித்தவர், இசை படித்தவர், பொறியியல் படித்தவர் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். குறைந்த பாடங்களை ஓராண்டோ ஈராண்டோ தனியாகப் படித்து நிரப்பிக்கொள்கிறார்கள். அதே கேள்வியை இங்கே கேட்டால், பள்ளி முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையைச் சுட்டி, வருகிற பதில் ஒன்றுதான்: "அது ஏ.எல்லோடை முடிஞ்ச கதை." இந்தப் பதிலை நாற்பது வருடமாக நானே கேட்டு வருகிறேன். இரசாயனம் படிப்பித்த ஆசிரியன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் ஏற்க முடியவில்லை என்பதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவம் படிக்க வருகிறவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அமிலம், காரம் என்றால் என்ன, கலத்துக்குள் உப்பும் நீரும் எப்படிப் போய் வருகின்றன, அமுக்கம் என்பது என்ன, பரம்பரை இயல்பு எப்படிக் கடத்தப்படுகிறது என்பனவெல்லாம் தெரியாமல் முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார முடியாது. இது அறிவு பற்றிய தேவை. இடங்கள் சில நூறு, விண்ணப்பதாரர் பல ஆயிரம் என்பது வேறு பிரச்சினை. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று ஒரு வடிகட்டல் வேண்டியிருக்கிறது. அறிவுத் தேவையை எந்த வயதிலும் நிரப்பலாம். வடிகட்டலோ ஒரு நாளில், ஒரு பரீட்சையில், ஒரு வயதில் நடந்து முடிகிறது. எங்கள் நாட்டில் இந்த இரண்டையும் ஒரே பரீட்சைக்குள் அடைத்துவிட்டார்கள். பத்தொன்பது வயதில் இரசாயனத்தில் ஏ எடுக்காத பிள்ளைக்கு இரசாயனமே வராது என்று ஊர் நம்புகிறது. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

எங்கள் மண்ணில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1847 இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணவருக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870 இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முன்னரே மேல்நாட்டு மருத்துவ வகுப்பு இங்கே நடந்துகொண்டிருந்தது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞர்கள். 1823 இல் தொடங்கிய அந்தச் செமினரியில் தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் இயற்கை விஞ்ஞானமும் படிப்பித்தார்கள். அதாவது முதலில் பொதுக்கல்வி, அதன்மேல் மருத்துவம். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் ஒழுங்கு இதுதான். மானிப்பாய் மாணவனுக்கு அது இயல்பான ஒழுங்காக இருந்தது.

அதே செமினரியில் படித்த இன்னொருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர், ஒருவர் அவர், மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பி.ஏ. முடித்துப் பதினான்கு ஆண்டு கழித்து, 1871 இல், தாமோதரம்பிள்ளை சட்டப்பட்டம் பெற்றார். 1832 இல் பிறந்தவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பிறகு வழக்கறிஞரானார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். முப்பத்தொன்பது வயதில் புதிய துறையொன்றின் அடிப்படையிலிருந்து படிப்பதை அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் ஒரு குறையாகக் கருதவில்லை.

கிறீனுக்கு வருகிறேன், ஏனென்றால் முன்தேவைப் பாடம் என்றால் என்ன என்பதை அவருடைய நூல்வரிசையே காட்டுகிறது. அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து தமிழில் கொண்டுவந்த நூல்களைப் பார்த்தால், 1867 இல் 'இரண வைத்தியம்' வருகிறது. 1872 இல் 'மனுஷ அங்காதிபாத'மும் 'வைத்தியாகர'மும் வருகின்றன. இவை மருத்துவ மாணவருக்கும் வைத்தியருக்கும் உரிய பெருநூல்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னர் அவர் கையில் எடுத்தது கல்வின் கற்றர் என்பவரின் உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலை. அது அமெரிக்காவில் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று எழுதப்பட்ட பாடநூல், வைத்தியருக்கு எழுதியதல்ல. மருத்துவத்தின் வாசற்படியில் நிற்கிறவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை முதலில் தமிழில் வைத்தார். இன்னொரு பள்ளிநூலும் அவருடைய வரிசையில் உண்டு. வெல்ஸ் எழுதிய இரசாயனப் பாடநூல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875 இல் வெளிவந்தது. அதற்குள் கிறீன் ஊரைவிட்டுப் போய்விட்டார். 1873 இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பியவர், அங்கிருந்தும் இந்த வேலையை விடவில்லை. சத்திரசிகிச்சை நூலும் அங்காதிபாத நூலும் வந்துவிட்ட பிறகும் இரசாயனம் இல்லாமல் வரிசை நிறையாது என்று அவர் கண்டார்.

1864 முதல் அவர் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்கு அவர் வைத்திருந்த காரணம் தீவகத்தாருக்கு நன்றாக விளங்கும். ஆங்கிலத்தில் படித்த வைத்தியர் அரச உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறார். தமிழில் படித்தவர் ஊரில் நிற்பார், ஊர்ச்சனத்தைப் பார்ப்பார் என்று எண்ணினார். அவர் காலத்தில் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேல். அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். யாரை எடுத்தால் ஊரில் நிற்பார்கள் என்று யோசித்து மாணவரைத் தெரிந்தெடுத்த ஆசிரியர் அவர். இந்தக் கேள்வியை இன்றைய எங்கள் அனுமதி முறை கேட்பதே இல்லை.

கொழும்பிலும் ஒரு காலத்தில் ஒழுங்கு வேறாகத்தான் இருந்தது. 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தபோதும், மருத்துவம் படிக்கப் போகிறவர் பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றைப் பல்கலைக்கழக விஞ்ஞான ஆய்வுகூடத்தில் படித்து, அதில் சித்தியடைந்த பிறகே மருத்துவ வகுப்புக்குள் போனார். முன்தேவைப் பாடங்களைப் படிப்பிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் தானே ஏற்றிருந்தது. காலப்போக்கில் அந்தப் பொறுப்பு முழுவதும் பள்ளிக்கூடத்தின் தலையில் வந்து விழுந்தது. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பள்ளிக்கூடம் அதைச் சுமந்தது. இல்லாத பள்ளிக்கூடம் அந்தப் பாடத்தையே விட்டது.

பிறகு நடந்தது எல்லோர் மனத்திலும் உள்ளது. 1971 இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவன் 400 க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதும். அந்த இருபத்தொரு புள்ளி ஒரு தலைமுறையின் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்பியது என்பதை இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. சில ஆண்டுகளில் மொழிவாரிப் புள்ளி போய் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று அரச பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

இந்தக் கணக்கில் தீவகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியவை பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு. அது நியாயமானது, அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டியது. நெடுந்தீவும் நயினாதீவும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்குகின்றன. கணக்கோ மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே நெடுந்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெரிய கல்லூரிகளில் படித்து, மாலையில் மூன்று இடத்தில் ரியூசன் போகும் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறது. பிள்ளைக்கு முன்னால் கடல் கிடக்கிறது, சட்டத்தின் கண்ணில் அந்தக் கடல் இல்லை.

தீவகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் குறைவு. 1991 இல் போரினால் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்த பிறகு புங்குடுதீவின் வீடுகளில் பெரும்பகுதி இன்னும் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஒதுக்கமும் குறைகிறது. ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பிள்ளை எடுப்பதில்லை. பட்டினத்தில் அறை எடுத்துப் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பயோ எடுக்கிறது. வசதியில்லாத பிள்ளை, அதேயளவு கெட்டித்தனம் உள்ள பிள்ளை, கலைப்பிரிவு எடுக்கிறது. நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகமும் போகிறது, பட்டமும் பெறுகிறது. அது தன் விருப்பத்துக்கு எடுத்த கலைப்பட்டமா, வேறு வழியில்லாமல் எடுத்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. கலைப்பட்டத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தீவில் பிறந்த மு. தளையசிங்கம் பேராதனையில் படித்துவிட்டுவந்து எழுதியவற்றையும், 1971 இல் கண்ணகி அம்மன் கோயிலடியில் ஒடுக்கப்பட்ட சனங்களின் தண்ணீர் உரிமைக்காக நின்றதையும் அறிந்தவன், கலைப்பட்டதாரியால் என்ன முடியும் என்று கேட்க மாட்டான். விரும்பாத ஒன்றைப் படிக்க நேர்ந்த பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும் என்பதே என் பேச்சு.

பட்டம் முடித்தவர் இலங்கையில் வேறு துறைகளுக்கு மாறலாம். சட்டக்கல்லூரிக்குப் போகலாம். பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்து ஆசிரியராகலாம். கணக்காய்வுப் பரீட்சைகள் எடுக்கலாம். மருத்துவத்துக்கோ அந்தக் கதவு இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். பெறுபேறு மூன்று தடவைக்குள் வர வேண்டும். அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பதிந்து பட்டமும் பெற்றவருக்குச் சாதாரண அனுமதி வழி மறுபடி திறப்பதில்லை. இலவசக் கல்வியில் ஒருவருக்கு ஒரு பட்டம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியர் நிற்காத ஊர்களை வைத்திருக்கும் நாடு, அந்த ஊரில் நிற்கத் தயாராயுள்ள பட்டதாரிக்கு ஒரு விலக்கு வைத்தால் நட்டமடையுமா என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது வெளியுலகத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவக் கல்லூரிக்குப் போக முன்தேவை என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பணம் கட்டினால் சேரலாம். அதை மாற்றியது, இந்த மேடைக்குப் பொருத்தமாக, ஓர் அறக்கொடைதான். பால்ரிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பணமில்லாமல் நின்றபோது மேரி காரெற் என்ற சீமாட்டி பெருந்தொகை கொடுக்க முன்வந்தார். இரண்டு நிபந்தனை வைத்தார். ஆணுக்குச் சமமாகப் பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. சேருகிறவர் முன்னரே பட்டமும் விஞ்ஞான அடிப்படையும் பெற்றிருக்க வேண்டும் என்பது மற்றது. 1893 இல் அந்த நிபந்தனைகளோடு கல்லூரி திறந்தது. பணம் கொடுக்கிறவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெளிவாக இருந்தால் ஒரு நாட்டின் மருத்துவக் கல்வியே திரும்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1910 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அவர் வைத்தியர் அல்லர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கல்லூரி மட்டத்தில் படித்தவரையே சேர்க்க வேண்டும் என்றார். தரம் உயர்ந்தது, உண்மை. போலிக் கல்லூரிகள் மூடப்பட்டன, அதுவும் நல்லது. ஆனால் கறுப்பின மாணவருக்கென்றிருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்தும் மூடப்பட்டன. ஹவார்டும் மெஹரியும் மட்டுமே மிஞ்சின. ஏழைப் பிள்ளைக்கும் வாசல் ஒடுங்கியது. முன்தேவை வைப்பவர்கள் அந்தத் தேவையை நிரப்பிக்கொள்ளும் வழியையும் கூடவே வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஐந்து கல்லூரிகளிலும் கண்டோம்.

வழி வைத்தவர்களும் உண்டு. 1972 முதல் பென்சில்வேனியாவில் பிரின் மோர் கல்லூரி, பட்டம் முடித்தபின் மருத்துவம் போக விரும்புவோருக்காக முன்தேவைப் பாடங்களை மட்டும் படிப்பிக்கும் வகுப்பை நடத்துகிறது. ஓராண்டுக்குள் பொது இரசாயனம், சேதன இரசாயனம், உயிரியல், பௌதிகம். அது போன்ற வகுப்புகள் இன்று அமெரிக்கா முழுவதும் உள்ளன. நியூயோர்க்கின் மவுன்ற் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 இல் இன்னும் ஒருபடி மேலே போனது. இலக்கியம், மெய்யியல் படிக்கும் மாணவரை வழக்கமான சேதன இரசாயனமும் பௌதிகமும் நுழைவுப் பரீட்சையும் இல்லாமலே தெரிந்தெடுத்து, தேவையான பகுதியை ஒரு கோடைகால வகுப்பில் படிப்பித்தது. அவர்களுடைய தேர்ச்சி பற்றி 2010 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவ உரிமத்துக்கான முதற்கட்டப் பரீட்சைப் புள்ளி சற்றுக் குறைவு. மருத்துவமனை வேலையில் மற்றவர்களுக்கு ஒப்பாகவே தேறியிருந்தார்கள். கனடாவில் ஹமில்ரன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 1969 இல் முதல் வகுப்பைச் சேர்த்தது. எந்தத் துறையில் படித்தவரும் விண்ணப்பிக்கலாம், குறித்த பாடம் என்ற கட்டாயம் இல்லை. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டிலிருந்து பட்டதாரிகளுக்கென நான்காண்டு மருத்துவப் படிப்பு நடக்கிறது. அவுஸ்திரேலியா அதற்கும் முன்னர், 1996 இல், பிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவிட்டது.

பக்கத்து இந்தியாவிலும் காற்று கொஞ்சம் மாறுகிறது. மருத்துவ நுழைவுக்கான நீட் பரீட்சைக்கு இருந்த மேல்வயது எல்லை 2022 இல் எடுக்கப்பட்டது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னொரு அறிவித்தல் விட்டது: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர் பிறகு மேலதிகப் பாடமாக அதில் சித்தியடைந்தாலும் நீட் எழுதலாம். உயிரியல் எடுக்காமல் படித்த மதுரைப் பிள்ளைக்கு இது பெரிய கதவு. நீட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் இருக்கும் மனக்குறை நியாயமானது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020 இல் தமிழ்நாடு கொண்டுவந்தது அந்தக் குறைக்கு ஒரு மருந்தாகத்தான். பள்ளியின் ஏழ்மையைக் கணக்கில் எடுக்கலாம் என்று அது காட்டிவிட்டது. தீவின் தனிமையையும் கணக்கில் எடுக்கலாம்.

இவ்வளவு சொன்னபிறகு ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் இரசாயனமே வேண்டாமா, கவிதை படித்தவரை நேராக வார்ட்டுக்கு அனுப்பலாமா? இல்லை. நான் இரசாயன ஆசிரியன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கிறீன் காலத்தில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகச் சனத்தை வாரிக்கொண்டு போனது. நோயாளி இறப்பது நீரும் உப்பும் வெளியேறுவதால். வெறும் தண்ணீர் கொடுத்தால் குடல் அதைப் பிடித்து வைப்பதில்லை. வெறும் உப்புநீரும் உதவாது. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் குடற்சுவரிலுள்ள ஒரு புரதம் இரண்டையும் கைகோத்து உள்ளே எடுக்கிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. 1960 இல் றொபேட் கிறேன் இந்தப் பொறிமுறையை முன்வைத்தார். 1971 இல் வங்காளத்து அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலனபிஸ் சேலைன் போத்தல் தீர்ந்த நிலையில் இந்தக் கரைசலை வாளி வாளியாகக் கலந்து குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்று வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் இரண்டு ரம்ளர் ஜீவனியில் இருக்கும் விஞ்ஞானம் இது. இதை விளங்கிக்கொள்ள பிரசாரணம், மென்சவ்வு, அயன், செறிவு ஆகிய நாலு கருத்து வேண்டும். இந்த நாலையும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் படிப்பித்திருக்கிறேன், வங்கியில் வேலை செய்துகொண்டு இரவில் படிக்க வந்த முப்பது வயதுக்காரருக்கும் படிப்பித்திருக்கிறேன். முப்பது வயதுக்காரர் மனப்பாடம் செய்யக் கொஞ்சம் கஷ்டப்படுவார். ஆனால் "ஏன் சேர்?" என்று கூடுதலாகக் கேட்பார். அந்தக் கேள்வி வைத்தியருக்கு வேண்டியது.

இனி, இந்த மண்டபத்தில் இருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு, இன்றைய சட்டத்துக்குள் உள்ள வழியை நேராகச் சொல்கிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் ஏ.எல்லில் மறுபடி எடுக்கலாம். உள்ளூர் அரச மருத்துவபீடத்துக்கு அது உதவாவிட்டாலும், வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையில் பதிய அந்தப் பாடச் சித்திகள் வேண்டும். திரும்பி வந்தவர் சபையின் பரீட்சையையும் கடக்க வேண்டும். முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பாடமே தேவையில்லை, காசைக் கட்டுங்கள் என்று சொன்னால் வாசலோடு அனுப்புங்கள். போக நினைக்கும் பல்கலைக்கழகத்தை மருத்துவ சபை ஏற்றிருக்கிறதா என்று சபையிடமே முதலில் கேளுங்கள், அதற்குப் பிறகு ஒரு சதமானாலும் கட்டுங்கள். காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பதிவில்லாமல் நிற்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். காசு இல்லாதவருக்கு இந்த வழி வழியே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சட்டம் மாற வேண்டும் என்கிறேன்.

மாற வேண்டியது பெரிதல்ல. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978 இல், கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில், இல்லாமையோடு தொடங்கியது. அந்தத் தொடக்கத்தைச் செய்துகாட்டிய சமூகத்துக்கு இது முடியாத காரியமில்லை. பட்டதாரிகளுக்கென ஓராண்டு முன்தேவை வகுப்பு ஒன்றை விஞ்ஞானபீடம் நடத்தட்டும். ஆய்வுகூடமும் ஆசிரியரும் ஏற்கெனவே அங்கே உண்டு. அந்த வகுப்பின் முடிவில் கடுமையான பரீட்சை வைக்கட்டும். தேறியவர்களுக்கு மருத்துவபீடத்தில் ஐந்து இடம் ஒதுக்கட்டும், இருக்கும் எண்ணிக்கைக்கு மேலதிகமாக. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் இடத்தை எடுக்கக்கூடாது. பதிலுக்கு அவர்கள் நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு போன்ற இடங்களில் குறித்த ஆண்டுகள் வேலை செய்ய உடன்படிக்கை எழுதட்டும்.

வயது போய்விடும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். இருபத்தைந்தில் பட்டம், ஓராண்டு முன்தேவை, ஐந்தாண்டு மருத்துவம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி. முப்பத்திரண்டில் வைத்தியர். அதன்பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் சேவை இருக்கிறது. பெண்பிள்ளைகள் என்றால் கலியாணம் பிந்திவிடும் என்று தாய்மார் யோசிப்பது எனக்குத் தெரியும். கலியாணம் செய்துகொண்டும் படிக்கலாம், பிள்ளை பெற்றும் படிக்கலாம். கனடாவில் எங்கள் பிள்ளைகள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். மாமியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் இங்கேயும் நடக்கும்.

இரவில் நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் கடற்படைப் படகைக் கூப்பிட்டுக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அம்புலன்சில் இந்த இறுப்பிட்டி வழியாகத்தான் பட்டினம் போக வேண்டும். சோளகக் காலத்தில் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீவுக்கு நியமனம் கிடைத்த வைத்தியர் மாற்றம் கேட்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு இங்கே வீடில்லை, உறவில்லை. இருபத்தெட்டு வயதில், ஊரில் ஆசிரியராகவோ கிராம சேவையாளராகவோ சில வருடம் வேலை செய்துவிட்டு, இந்தச் சனத்தை முகம் முகமாக அறிந்துகொண்டு மருத்துவம் போகிற ஒருவர் திரும்பி வந்து நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். கிறீன் தேடியது அப்படிப்பட்ட ஆட்களைத்தான்.

சட்டம் மாறக் காலம் எடுக்கும். அதுவரை இந்த அறக்கட்டளை செய்யக்கூடியது ஒன்றைக் குழுவினரிடம் கேட்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள், பரிசு கொடுக்கிறீர்கள், நன்று. வட்டிப்பணத்தில் ஒரு பகுதியை முன்தேவைப் பாட வகுப்பு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஏ.எல். எடுக்கும் பிள்ளையும் வரலாம், பட்டம் முடித்தவரும் வரலாம், தாதியாக வேலை செய்கிறவரும் வரலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடத்தலாம். இரசாயனம் நான் படிப்பிக்கிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம். பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் பட்டினத்திலிருந்து ஆசிரியர் வர வேண்டும். அவர்களுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் ஒரு மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். இரண்டு நுணுக்குக்காட்டி, ஒரு தராசு, அளவிகள், குடுவைகள், அமிலம் வைக்கப் பூட்டுள்ள ஓர் அலுமாரி ஆகியவை போதும் தொடங்க. பட்டியலும் விலையும் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். வகுப்பு நேரத்தை மட்டும் நெடுந்தீவுப் படகு குறிகட்டுவானுக்கு வந்து சேரும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். பின்னேரப் படகைப் பிடிக்கப் பிள்ளைகள் எழும்பி ஓட வேண்டியிராதபடி வகுப்பை முடிக்க வேண்டும்.